அப்பாவின் மைக் செட் ரெக்கார்டு பிளேயர்: ரிப்பேர் செய்வதா, புதிதே வாங்கிவிடுவதா?

குற்றாலச்சாரல்:

வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிற பஞ்சாயத்து இது, இங்கே பழைய தட்டுகளோடு பழகியவர்கள் நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன்.

அப்பா தென்காசிப் பக்கம் மைக் செட் வைத்திருந்தவர். கோயில் கொடை, கல்யாணம், சடங்கு, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் போவார். கேசட் வந்த பிறகு ரெக்கார்டு பிளேயரை மரப்பெட்டியோடு பரணில் ஏற்றிவிட்டார். இப்போது வெள்ளையடிக்கிறோம் என்று எல்லாவற்றையும் இறக்கியதில் அதுவும் வந்தது. பி.எஸ்.ஆர் கம்பெனியின் ஆட்டோ சேஞ்சர், நிமிடத்துக்கு 16, 33, 45, 78 சுற்று என்று நான்கு ஸ்பீடு, தட்டு முடிந்தால் ஊசி இருக்கிற கை தானாகத் திரும்பி வரும் வகை. கூடவே ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 78 ஸ்பீடில் ஓடுகிற பழைய தட்டுகள், கொஞ்சம் ஈ.பி என்கிற சின்னத் தட்டுகள், கையில் எண்ணிவிடுகிற அளவுக்கு 33இல் ஓடுகிற எல்.பி.

பிளக்கில் சொருகினால் ஓடுகிறது, ஆனால் ஒழுங்காக ஓடவில்லை. எல்.பி போட்டால் பாட்டு இழுக்கிறது, சிறிது நேரம் சூடானதும் கொஞ்சம் பரவாயில்லை. அடியில் ‘டொக் டொக்’ என்று சீராக ஒரு சத்தம். தட்டு முடிந்தால் கை திரும்புவதில்லை, கடைசிச் சுற்றிலேயே கிடந்து சுற்றுகிறது. சத்தமும் மிகக் குறைவு, ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகினாலும் கரகரவென்று எங்கோ தூரத்தில் கேட்கிறது.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். அங்கே திறந்து ஏதோ எண்ணெய் விட்டார்கள், அன்றைக்கு நன்றாக ஓடியது, அப்புறம் முன்பைவிட மோசம். இன்னொருவர் 6,500 ரூபாய் ஆகும் என்கிறார், என்னென்ன மாற்றுவார் என்று கேட்டால் “அதெல்லாம் பார்த்துச் செய்கிறேன்” என்கிறார். அந்தக் காசுக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் ஆன்லைனில் சூட்கேஸ் மாதிரி புதுப் பிளேயரே வருகிறதே என்று மனைவி கேட்கிறாள், கேள்வி நியாயம்தான். கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன் வேறு தன்னிடம் ஒரு பழைய டர்ன்டேபிள் சும்மா கிடக்கிறது, அனுப்பட்டுமா என்கிறான்.

அப்பா எதுவும் சொல்வதில்லை. ஆனால் தினமும் அந்த 78 தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்து வைக்கிறார். என்ன செய்யலாம்?


வினைல்விசிறி:

ப்ரோ, புதிது வாங்கிவிடுங்கள். ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் மாதிரி ஒன்று. பட்டனை அழுத்தினால் கை தானாகப் போய் உட்காரும், முடிந்ததும் திரும்பி வரும், ஊசியிலிருந்து வருகிற சின்னச் சிக்னலைப் பெரிதாக்குகிற ப்ரீஆம்ப் உள்ளேயே இருப்பதால் நேராக எந்த ஆம்ப்ளிஃபயரிலும் சொருகலாம். ஊசியும் எளிதாகக் கிடைக்கும். பழைய சேஞ்சருக்கு ஒன்றை மாற்றினால் இன்னொன்று போகும், முடிவே இருக்காது. அந்தச் சூட்கேஸ் பிளேயர் பக்கம் மட்டும் போகாதீர்கள், 5, 6 கிராம் பாரத்தில் தட்டை அழுத்தும், சின்ன ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் அதன் அதிர்வே ஊசிக்கு வந்து சேரும்.


வால்வுரேடியோ:

தம்பி, முதல் வேலையாக அப்பாவின் கையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை வாங்கி வையுங்கள். 78 தட்டு அரக்குக் கலவை. ஸ்பிரிட் அரக்கைக் கரைக்கும். பஞ்சில் கறுப்பாக வருவது அழுக்கு மட்டும் இல்லை, தட்டே வருகிறது. வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவுகிற திரவம், மெல்லிய துணி, லேபிளில் படாமல் துடைத்து நிறுத்தி வைத்துக் காயவிட்டால் போதும்.

அடுத்து, மேலே விசிறி சொன்ன மெஷின் நல்ல மெஷின்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அதில் 33, 45 இரண்டு ஸ்பீடுதான். உங்கள் டிரங்குப் பெட்டியில் இருப்பது 78. அதை வாங்கினால் அப்பா மறுபடியும் துடைத்துக்கொண்டுதான் இருப்பார். இந்தக் கேள்வியை எல்லோரும் மெஷினைப் பார்த்தே கேட்கிறார்கள், தட்டைப் பார்த்துக் கேட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். எல்.பி மட்டும்தான் இருக்கிறது என்றால் நானே புதிது வாங்கு என்றுதான் சொல்லியிருப்பேன்.

சரி, உங்கள் மெஷினுக்கு வருவோம். நீங்கள் நான்கு கோளாறு சொல்கிறீர்கள், எனக்கு இரண்டுதான் தெரிகிறது. இழுப்பது, டொக் டொக், கை திரும்பாதது மூன்றும் ஒரே குடும்பம்: காய்ந்துபோன கிரீஸ், இறுகிப்போன ரப்பர். சத்தம் குறைவது தனி, அது கை நுனியில் ஊசியைப் பிடித்திருக்கிற கார்ட்ரிட்ஜ்.

பி.எஸ்.ஆரில் பெல்ட் கிடையாது. மோட்டார் தண்டில் படிக்கட்டு போல நான்கு தடிமன் இருக்கும், ஒரு ரப்பர் சக்கரம் அதற்கும் பாட்டுத் தட்டை ஏற்றி வைக்கிற சுழல்தட்டின் உள் விளிம்புக்கும் நடுவே உரசிச் சுழன்று சுழல்தட்டைச் சுற்றும். ஸ்பீடு நாபைத் திருகினால் அந்தச் சக்கரம் ஏறி இறங்கி வேறு படிக்குப் போகிறது, அவ்வளவுதான் விஷயம். இதை ஐட்லர் என்பார்கள், எங்கள் காலத்தில் வெறும் ரப்பர் வீல்தான். மைக் செட்டில் என்ன நடக்கும் என்றால், கொடை முடிந்ததும் ஜெனரேட்டரை நிறுத்துவார்கள், எல்லாமே நிற்கும், பிளேயர் நாப் மட்டும் ஆனில் அப்படியே இருக்கும். சக்கரம் தண்டை அழுத்திக்கொண்டே பரணில் இத்தனை வருடம் கிடந்தால் அந்த இடத்தில் பள்ளம் விழாமல் என்ன செய்யும்? ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பள்ளம் வந்து இடிக்கிறதுதான் உங்கள் டொக் டொக்.

கடையில் விட்ட எண்ணெய் என்ன என்று விசாரித்தீர்களா? தேங்காய் எண்ணெய் விடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். முதல் நாள் வழுக்கிக்கொண்டு ஓடும், அப்புறம் பிசினாகிவிடும். ரப்பர் சக்கரத்தில் தெறித்திருந்தால் அங்கே பிடிப்பும் போய்விடும்.

நீங்களே பார்க்கலாம். பிளக்கை உருவிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சுழல்தட்டு மேலே உள்ள ரப்பர் பாயை எடுத்தால் நடுவில் ஒரு சின்னக் கிளிப் தெரியும். ஒரு கையால் மூடிக்கொண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்புங்கள், இல்லையென்றால் சுண்டிப் பறந்து பீரோவுக்கு அடியில் போய்விடும், அந்தக் கிளிப்பைத் தேடியே ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும். சுழல்தட்டைத் தூக்கியதும் ரப்பர் சக்கரத்தை நகத்தால் அழுத்துங்கள். நகம் பதிந்து மீண்டால் உயிர் இருக்கிறது, துணியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, மெல்லிய உப்புத்தாளை லேசாகக் காட்டினால் போதும். மைல்கல் மாதிரி இருந்தால் புது ரப்பர்தான். மோட்டார் தண்டை விரலால் சுற்றிப் பாருங்கள், விட்டதும் உடனே நின்றால் பேரிங்கில் கிரீஸ் கட்டியிருக்கிறது. பழையதைச் சுத்தமாக வழித்து எடுத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம்.

கை திரும்புவதற்கு அடியில் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கும். அதன் தண்டிலும் அது நகர்த்துகிற தகடுகளிலும் பழைய கிரீஸ் மெழுகாகியிருக்கும். அதைத் துடைத்துப் புதிது போடலாம். ஆனால் அந்தச் சக்கரத்தின் மேலே ஒரு மெல்லிய சின்ன நாக்கு ஆடும், கை உள்ளே போனதும் கடைசியில் தட்டிவிடுவது அதுதான். அங்கே ஒரு பொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது. அது காய்ந்து லேசாக ஆடினால்தான் வேலை செய்யும், ஒட்டிக்கொண்டால் கை அங்கேயே கிடக்கும்.

இவ்வளவும் உழைப்புதான், சாமான் செலவு கிடையாது. 6,500 கேட்டவரிடம் ரப்பர் வீல், கார்ட்ரிட்ஜ் இரண்டும் சேர்த்தா என்று கேளுங்கள். சேர்த்து என்றால் அநியாய விலை இல்லை. வெறும் சர்வீசுக்கு என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.


ஈழத்துஇசை:

வால்வுரேடியோ ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், கனடா விஷயம். நான் டொராண்டோவில் இருக்கிறேன், இதில் எனக்கு அனுபவம் உண்டு. தயவுசெய்து மாடல் என்னவென்று கேட்காமல் அனுப்பச் சொல்லாதீர்கள். இங்கே மின்சாரம் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அங்கே உங்களுக்கு 230, 50. எல்லோரும் வோல்ட்டை மட்டும் பார்த்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டால் முடிந்தது என்று நினைக்கிறார்கள். பழைய ஏசி மோட்டார் வைத்த டர்ன்டேபிள் ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டுதான் சுற்றும். 60க்குச் செய்ததை 50இல் ஓட்டினால் 33க்குப் பதிலாக 28க்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும், பாட்டு முழுக்க இழுவைதான். மோட்டார் புல்லியை 50க்கானதாக மாற்ற வேண்டும், எல்லா மாடலுக்கும் அது கிடைக்காது. டிசி மோட்டார் அல்லது மோட்டாரே நேராகச் சுழல்தட்டைச் சுற்றுகிற டைரக்ட் டிரைவ் என்றால் இந்தச் சிக்கல் இல்லை, வோல்ட் மட்டும் பார்த்தால் போதும். அதோடு சுழல்தட்டையும் கையையும் கட்டிப் பூட்டாமல் பார்சல் போட்டால் வந்து சேர்வது உதிரிப் பாகங்கள்தான்.


வினைல்விசிறி:

78 விஷயத்தை நான் கவனிக்கவில்லை, சரி. ஆனால் 78 ஓடுகிற புது மெஷினும் இருக்கிறதே. ஆடியோ-டெக்னிகாவிலேயே எல்பி120எக்ஸ்யூஎஸ்பி 33, 45, 78 மூன்று ஸ்பீடும் ஓடும், டைரக்ட் டிரைவ். விலை எல்பி60எக்ஸ் போல இரண்டு மடங்கு வரும், அது வேறு. ஆன்லைனில் கிடைக்கிற சூட்கேஸ்களிலும் 78 என்று போட்டிருக்கிறான்.


பழையதட்டு:

ஸ்பீடு இருந்தால் மட்டும் 78 பாடிவிடாது என்பதை யாராவது சொல்லத்தான் வேண்டும். எல்.பி ஊசியின் முனை சுமார் 0.7 மில், அதாவது ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. 78 தட்டில் பாட்டு பதிந்திருக்கிற பள்ளம் அகலம், அதற்கு 3 மில் ஊசி. எல்.பி ஊசியை 78இல் போட்டால் பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடியில் போய் இறங்கி அங்கே இருக்கிற தூசியையும் கீறலையும் பாடிக்கொண்டிருக்கும், மழை பெய்கிற சத்தத்துக்கு நடுவே ஒருவர் பாடுவது போலக் கேட்கும். தட்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். சூட்கேஸ்காரன் 78 என்று எழுதியிருப்பது நாபில் மட்டும்தான், உள்ளே அவன் கொடுத்திருப்பது எல்.பி ஊசி.

விசிறி சொன்ன எல்பி120க்கு அந்த வழி உண்டு. அதில் வருகிற விஎம்95 கார்ட்ரிட்ஜின் உடலில் ஊசியை மட்டும் கழற்றி, 78க்கென்று அவர்களே விற்கிற விஎம்என்95எஸ்பி ஊசியை மாட்டலாம். காசு இருந்தால் அது சுத்தமான வழி. நான் வைத்திருப்பதும் அதுதான்.

அப்பாவின் பி.எஸ்.ஆரில் இதற்கு அன்றைக்கே வழி வைத்திருந்தான். கையின் நுனியில் கார்ட்ரிட்ஜைப் பாருங்கள், ஒரு சின்ன லீவர் இருக்கலாம். திருப்பினால் ஊசி தலைகீழாகப் புரளும், ஒரு பக்கம் எல்.பி, மறுபக்கம் 78. ஒருவேளை இப்போது எல்.பி பக்கம் வைத்துக்கொண்டே 78 போட்டுப் பார்க்கிறீர்களோ என்னவோ, அதையும் கவனியுங்கள்.

சத்தம் குறைவதற்கு: அந்தக் காலத்து விலை மலிவான கார்ட்ரிட்ஜ்களில் நிறைய கிரிஸ்டல் வகை, உள்ளே ரோஷெல் உப்பு. பெயரே உப்பு, சூடும் ஈரமும் ஆகாது. மழைக்காலமும் ஓட்டடிப் பரணும் சேர்ந்தால் அது செத்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. அதற்குப் பின்னால் வந்த செராமிக் வகை இதைவிடத் தாங்கும்.

ஆனால் மாற்றுகிறேன் என்று நல்ல மேக்னடிக் கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி மாட்டிவிடாதீர்கள். இரண்டு காரணம். மேக்னடிக் கொடுப்பது சில மில்லிவோல்ட், கிரிஸ்டல் கொடுப்பது அதைப் போல நூறு மடங்குகூட இருக்கும். அப்பாவின் மைக் செட் ஆம்ப்ளிஃபயரின் பிளேயர் இன்புட் கிரிஸ்டலை நம்பிச் செய்தது, மேக்னடிக் போட்டால் இப்போது கேட்பதைவிடக் குறைவாகக் கேட்கும். நடுவில் தனி ப்ரீஆம்ப் வேண்டும். இரண்டாவது, மேக்னடிக் ஒன்றரை இரண்டு கிராமில் ஓட ஆசைப்படும், அந்த பி.எஸ்.ஆர் கையோ அடியில் இருக்கிற தகடுகளைத் தள்ளிக்கொண்டு போக வேண்டியது, அவ்வளவு லேசாக வைத்தால் பாதித் தட்டில் நின்றுவிடும். கிரிஸ்டல் இருந்த இடத்துக்குச் செராமிக்தான் சரி. சூட்கேஸ் பிளேயர்களில் வருகிற சிவப்பு ஊசி செராமிக் கார்ட்ரிட்ஜ் தனியாக விற்கிறது, விலையும் பெரிதில்லை, அதற்கு 78 ஊசியும் கிடைக்கிறது. பொருத்தத் தகடு ஒன்றை வளைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.


குற்றாலச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. ஸ்பிரிட் பாட்டிலை ஒளித்து வைத்தாயிற்று, அதற்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சுழல்தட்டைக் கழற்றிப் பார்த்தேன். (கிளிப் பறந்தது. கிடைத்துவிட்டது.) ரப்பர் சக்கரம் கல் மாதிரி இருக்கிறது, நகம் இறங்கவே இல்லை, ஓரிடத்தில் பள்ளம் கண்ணுக்கே தெரிகிறது. மோட்டார் தண்டு முழுக்க மஞ்சளாகப் பிசுபிசுப்பு, மோந்து பார்த்தேன், ஐயா சொன்னது சரி, தேங்காய் எண்ணெய்தான். கார்ட்ரிட்ஜில் லீவர் இருக்கிறது, 78 பக்கம்தான் வைத்திருக்கிறேன், ஆனால் அந்தப் பக்கத்து ஊசி ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

கனடா டர்ன்டேபிள் ஏசி மோட்டார் என்று தம்பி படம் அனுப்பினான், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். மனைவிக்கு இந்தத் திரியைக் காட்டினேன், “அப்படியானால் சூட்கேஸ் வேண்டாம்” என்றாள். புதுசு வேண்டாம் என்று சொல்லவில்லை, கவனிக்கவும்.

இரண்டு சந்தேகம். எண்ணெயெல்லாம் துடைத்துவிட்டு ஸ்பீடு சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ரப்பர் சக்கரத்தை எங்கே கொடுப்பது?


வால்வுரேடியோ:

ஸ்பீடுக்குச் சுழல்தட்டின் ஓரத்தில் வெள்ளைத் தாள் துண்டு ஒன்றை ஒட்டி, 33இல் வைத்து எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக நூறு சுற்று வர வேண்டும். முதலில் ஒரு தட்டு முழுதாக ஓடவிட்டு மோட்டார் சூடான பிறகு எண்ண வேண்டும். நூறுக்கு ஒன்று கூடக்குறைய இருந்தால் காது கண்டுபிடிக்காது. கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டையும் உண்டு, நம் 50 ஹெர்ட்ஸுக்கு 33க்கு 180 கோடு. பழைய குண்டு பல்பு வெளிச்சத்தில் கோடு நின்றது போலத் தெரிந்தால் சரி. இப்போதைய எல்ஈடி பல்பில் நிறைய ஏமாற்றும்.

ஸ்விட்சுக்குக் குறுக்கே ஒரு கெபாசிட்டர் இருக்கும், அணைக்கும்போது ஸ்பீக்கரில் ‘டப்’ என்று கேட்காமல் இருக்க வைத்தது. வெடித்தோ வீங்கியோ இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பத்து இருபது ரூபாய் சாமான், ஆனால் மெயின்ஸில் நேராக உட்கார்ந்திருப்பது, அதற்கென்று உள்ள எக்ஸ்2 வகைதான் போட வேண்டும்.

சென்னை வந்தால் ரிச்சி தெருவில் கார்ட்ரிட்ஜ், ஊசி கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் ஆன்லைன்.


பழையதட்டு:

என் கணக்கு இதுதான்: பி.எஸ்.ஆரை 78க்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். அதில் எல்.பி போட வேண்டாம், அந்தப் பாரத்துக்கு எல்.பி தாங்காது என்றில்லை, அன்றைக்கு அப்படித்தான் போட்டோம், ஆனால் புது ஊசி இருக்கிற லேசான மெஷின் கிடைக்கிறபோது எதற்கு? உங்களிடம் இருக்கிற எல்.பி கைவிரல் எண்ணிக்கைதானே, அதற்காக இப்போதே ஒன்று வாங்க வேண்டியதில்லை. பின்னால் எல்.பி சேர்ந்தால், மனைவி பச்சைக்கொடி காட்டினால், அப்போது விசிறி சொன்ன எல்பி60எக்ஸே போதும்.


வினைல்விசிறி:

கடைசியில் என் மெஷின் விற்றுவிட்டது!


குற்றாலச்சாரல்:

அப்படியே செய்கிறேன். சர்வீசை நானே செய்துவிட்டேன், பல்சக்கரத்திலிருந்து வழித்த கிரீஸ் கறுப்பு மெழுகாக வந்தது. அந்தச் சின்ன நாக்கைத் துடைத்ததும் விரலால் சுழல்தட்டைச் சுற்றினாலே ஊசிக் கை எழும்பித் திரும்புகிறது, அப்பா இதற்கு மட்டும் வாயைத் திறந்து “அது அப்படித்தான் வரும்” என்றார். செராமிக் கார்ட்ரிட்ஜும் 78 ஊசியும் ஆர்டர் போட்டாயிற்று. சக்கரத்துக்கு இங்கே ஒரு லேத்துப் பட்டறையில் ரப்பர் கட்டித் தருகிறேன் என்கிறார், பிரிண்டிங் பிரஸ் உருளைக்கெல்லாம் செய்து பழக்கமாம். ஆனால் பள்ளம் விழுந்த சக்கரத்தில் பழைய விட்டம் சரியாக என்னவென்று தெரியவில்லை, கொஞ்சம் மாறினால் ஸ்பீடு போய்விடுமா?


வால்வுரேடியோ:

போகாது. ஸ்பீடை முடிவு செய்வது மோட்டார் தண்டின் தடிமனும் சுழல்தட்டின் உள் விளிம்பும்தான், நடுவில் இருக்கிற சக்கரம் சுழற்சியைக் கடத்துகிறதே தவிர அதன் விட்டம் கணக்கில் வராது. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் ஸ்பிரிங் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பள்ளம் இல்லாத இடத்தில் மூன்று நான்கு பக்கம் வெர்னியரில் அளந்து பெரிய அளவைக் கொடுங்கள். பட்டறைக்காரரிடம் இரண்டு விஷயம் மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: பிரஸ் உருளைக்குப் போடுகிற கெட்டி ரப்பர் வேண்டாம், கொஞ்சம் மெதுவானது போடட்டும். கட்டிய பிறகு நடு ஓட்டையை மையமாக வைத்துச் சுற்றவிட்டுத்தான் விளிம்பைக் கடைய வேண்டும், ஓவலாகிவிட்டால் டொக் டொக் போய் அலை அலையாக வரும். நடுவில் இருக்கிற பித்தளை புஷ்ஷைக் கழற்றாமல் கொடுங்கள், அது தொலைந்தால் வேறு கிடைக்காது.